ஆற்றில் பொன் அரிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஓடைகளில் பொழுதுபோக்காகப் பொன் அரிப்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நான் இருப்பது பல்லாரட்டில். சனிக்கிழமைக் காலையில் மழை இல்லையென்றால் கையில் தட்டோடு ஏதாவது ஓர் ஓடையில் நிற்பேன். கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பலரும் ஒரே கேள்விகளைக் கேட்டிருந்ததால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு கடிதம் நான் வளர்ந்த பந்தலூருக்குப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அதற்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். கடையில் கேட்டால் நூற்றுக்கணக்கான டாலருக்கு ஒரு பெட்டி நிறையச் சாமான் காட்டுகிறார்கள். உண்மையில் என்ன வேண்டும்?
— ஒரு வாசகி, டாண்டினாங்

பதில்: தங்கச்சி, அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். முதலில் வாங்க வேண்டியது ஒரே ஒரு தட்டுதான். 14 அங்குல அகலம், பிளாஸ்டிக், கரும்பச்சை அல்லது கறுப்பு நிறம், ஒரு பக்கச் சுவரில் படிப்படியாக வரிப்பள்ளம் வெட்டியதாக இருக்கட்டும். பொடிப் பொன் கரிய நிறத்தின் மேல்தான் கண்ணுக்குத் தெரியும். பழைய படங்களில் வரும் இரும்புத் தட்டு வேண்டாம். அது துருப்பிடிக்கும். கடைசியில் காந்தம் வைத்துக் கருமணலைப் பிரிக்கும்போது காந்தம் தட்டையே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு வாளி, அதன் வாயில் உட்காரும் சல்லடை, சின்ன மண்வாரி, பாறை இடுக்கைச் சுரண்ட ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், பொடிப் பொன்னை உறிஞ்சி எடுக்க மெல்லிய குழாய் வைத்த பிளாஸ்டிக் குப்பி, எடுத்ததைப் போட்டுவைக்க மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி. பாதிச் சாமான் வீட்டிலேயே இருக்கும். பிள்ளைகளுக்கும் சேர்த்து எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் வேண்டும்.

தட்டு வாங்கியதும் பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். புதுத் தட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். எண்ணெய் பட்ட மிகச் சிறிய பொன் துகள் தண்ணீரில் மூழ்காமல் மேலே மிதந்து போய்விடும். எவ்வளவு கனமான உலோகமாக இருந்தாலும் துகள் அவ்வளவு சின்னதாக இருந்தால் தண்ணீரின் மேல்பரப்பே அதைத் தாங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தட்டைத் தொட்டாலும் இதே கதைதான். ஓடைக்குப் போகும்போது அந்தத் திரவத்தில் கொஞ்சம் ஒரு சிறு குப்பியில் எடுத்துப் போங்கள். தட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு போதும்.

மண்ணை ஓடவிட்டுப் பிரிக்கும் நீள்வாய்க்கால் பெட்டி, மெட்டல் டிடெக்டர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தட்டு கைக்கு வராதவருக்கு வாய்க்கால் பெட்டியாலும் பயனில்லை. பெட்டியில் சேர்ந்ததைக் கடைசியில் தட்டில்தானே கழுவ வேண்டும்? டிடெக்டர் முற்றிலும் வேறொரு பொழுதுபோக்கு, விலையும் ஆயிரக்கணக்கில்.

பிள்ளைகளுக்கு முதல் நாளே ஏமாற்றம் வேண்டாம் என்றால் பல்லாரட்டில் இருக்கும் சொவரின் ஹில்லுக்குக் கூட்டிப் போங்கள். 1850களின் சுரங்க ஊரை அப்படியே கட்டி வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் அது, 1970இல் திறந்தது. அங்குள்ள ஓடையில் அவர்களே பொன் துகள் தூவி வைக்கிறார்கள். தட்டின் அடியில் பொன் எப்படி இருக்கும் என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், காட்டு ஓடைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்கும்.

கேள்வி: தட்டில் கடைசியில் ஒன்றுமே நிற்பதில்லை. மண்ணோடு பொன்னும் போய்விடுகிறதோ என்று சந்தேகம். கையை எப்படி ஆட்ட வேண்டும்?
— ஒரு வாசகர், ஜீலாங்

பதில்: உங்கள் அம்மாவோ பாட்டியோ அரிசியில் கல் அரித்ததைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைத் தண்ணீரோடு ஆட்டி ஆட்டி, அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பாத்திரத்துக்குத் தள்ளிவிட்டால் கடைசியில் அடியில் கல் மட்டும் நிற்கும். அதே கைதான் இது. அங்கே தூக்கிப் போடுகிற கல்லின் இடத்தில் இங்கே நாம் தேடுகிற பொன் இருக்கிறது.

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதே அளவு தண்ணீரைவிட அது இரண்டரை மடங்கு சொச்சம் கனம். கருமணலில் இருக்கும் மேக்னடைட் ஐந்து மடங்கு. சுத்தப் பொன் 19 மடங்குக்கும் மேல். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் பொன் அடிக்குப் போகத்தான் பார்க்கும். நாம் அதற்கு வழி விட வேண்டும், அவ்வளவே.

தவறு பெரும்பாலும் நடப்பது தொடக்கத்தில். சல்லடையில் சலித்த மண்ணைத் தட்டில் முக்கால் அளவு போட்டு, தட்டைத் தண்ணீருக்குள் முழுதும் அமிழ்த்திக் கையால் பிசையுங்கள். களிமண் கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. களிமண் பொன்னைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு வெளியே போகும். கலங்கல் வடிந்ததும், தட்டைத் தண்ணீருக்குள்ளேயே மட்டமாகப் பிடித்து இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டுங்கள். மண் முழுவதும் குழம்பு மாதிரி தளர்ந்து நகர வேண்டும். இதற்கு நேரம் கொடுங்கள். அதன் பிறகே வரிப்பள்ளம் உள்ள பக்கத்தைக் கீழே சாய்த்து, தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து மேல்மண்ணை வழியவிட வேண்டும். மூன்று நான்கு முறை வழியவிட்டால் திரும்பவும் மட்டமாக்கி ஆட்டல். புதியவர்கள் சாய்ப்பதை மட்டும் செய்கிறார்கள், ஆட்டுவதை விட்டுவிடுகிறார்கள். பொன் அடிக்கு இறங்காத நிலையில் சாய்த்தால் அது மேல்மண்ணோடு போகத்தான் செய்யும்.

கடைசியில் ஒரு கரண்டி கருமணல் நிற்கும்போது வேகத்தை அடியோடு குறையுங்கள். கொஞ்சம் தண்ணீர் மட்டும் வைத்துத் தட்டை மெல்லச் சுழற்றினால் கருமணல் விசிறி போல விரிந்து நகரும், அதன் வால்முனையில் மஞ்சள் தங்கி நிற்கும்.

சந்தேகம் தீர வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தூண்டிலில் கட்டும் மிகச் சிறிய ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டி நசுக்கி, பத்தை எண்ணித் தோட்டத்து மண்ணில் கலந்து, ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் வைத்து அரியுங்கள். ஈயம் தண்ணீரைவிட 11 மடங்குதான் கனம். பத்து ஈயத்தையும் தட்டில் நிறுத்தத் தெரிந்த கை பொன்னை விடாது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஓடை மைல் கணக்கில் நீளமாக இருக்கிறது. எந்த இடத்தில் தோண்டுவது என்று எப்படித் தெரியும்?
— ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். பொன் தானாக நகராது, வெள்ளம்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே இன்று முழங்கால் அளவு ஓடும் தண்ணீரைப் பார்க்காதீர்கள். பெருவெள்ளம் வந்த நாளில் இந்த ஓடை எப்படி ஓடியிருக்கும், எங்கே வேகம் குறைந்திருக்கும் என்று நின்று யோசியுங்கள். வேகம் குறையும் இடத்தில்தான் வெள்ளம் தன் கனமான சுமையை இறக்கும்.

ஓடை வளையும் இடத்தில் வெளிக்கரையில் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடும், உட்கரையில் கூழாங்கல் திட்டு சேரும். அந்தத் திட்டின் தலைப்பகுதியில் பாருங்கள். பெரிய பாறை குறுக்கே நின்றால் அதன் கீழ்ப்புறம் பாருங்கள். அடிப்பாறை வெளியே தெரிந்தால் ஓட்டத்துக்குக் குறுக்கே ஓடும் வெடிப்புகளைத் தேடுங்கள். ஸ்க்ரூடிரைவர் அதற்குத்தான். வெடிப்பின் அடியில் இறுகிக் கிடக்கும் ஒரு கைப்பிடி மண், மேலே இருக்கும் ஒரு வாளி மணலைவிட மேல். பளிச்சென்று இருக்கும் வெள்ளை மணல் திட்டில் நேரத்தைப் போக்க வேண்டாம். கூழாங்கல், துருச் சிவப்பேறிய கல், கருமணல் மூன்றும் சேர்ந்து கிடந்தால் அங்கே உட்காரலாம். அடிப்பாறை எட்டவில்லையென்றால் இறுகிய களிமண் அடுக்கு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பொன் அதற்குமேல் இறங்க முடியாமல் தங்கியிருக்கும்.

ஒரே இடத்தில் பள்ளம் தோண்டிக்கொண்டே போகாமல், ஓரிடத்துக்கு ஒரு தட்டு என்று ஓடை நெடுகச் சோதித்துக்கொண்டு நடங்கள். ஒரு தட்டில் மூன்று துகள், அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை என்றால் ஓடையே உங்களுக்கு வழி சொல்லிவிட்டது.

தொடங்குவதற்கு நான் எல்லாருக்கும் சொல்லும் இடம், பல்லாரட்டுக்கு வடக்கே கிரெஸ்விக் ஊரை ஒட்டிய ஸ்லேட்டி கிரீக். ஆழம் குறைவு, உட்காரவும் சமைக்கவும் இடம் உண்டு, பிள்ளைகளுக்கும் ஏற்றது. அந்தப் பக்கத்தில் ஓடைகளைவிட வியப்பான ஒன்று மண்ணுக்கு அடியில் இருக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்குகளில் இறங்கி, அங்கே ஓடிக்கொண்டிருந்த ஆறுகளை அப்படியே மூடிவிட்டது. அந்தப் புதைந்த ஆறுகளின் படுகையில் இருந்த பொன்னுக்காகத்தான் 19ஆம் நூற்றாண்டில், அந்தக் குழம்பு இறுகி உண்டான பாசால்ட் பாறையைக் குடைந்து இறங்கினார்கள். 1882 டிசம்பரில் கிரெஸ்விக்கில் அப்படிப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள், பக்கத்தில் கைவிடப்பட்டிருந்த பழைய சுரங்கத்தின் தண்ணீர் புகுந்து 22 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக் காட்டில் இன்னும் மூடாத பழைய குழிகள் உண்டு. புதருக்குள் பார்க்காமல் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளைத் தனியே ஓட விடாதீர்கள்.

கேள்வி: இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? கிடைத்த பொன் அரசாங்கத்துக்குச் சொந்தமா?
— டாண்டினாங், கிளேட்டன், பல்லாரட்டிலிருந்து பலர்

பதில்: விக்டோரியாவில் வேண்டும். அதன் பெயர் மைனர்ஸ் ரைட். கட்டணம் சிறியது, இணையத்திலேயே வாங்கலாம், 10 ஆண்டு செல்லும். அதை வைத்துக்கொண்டு அனுமதியுள்ள அரசு நிலத்தில் கண்டெடுத்த பொன் உங்களுக்கே சொந்தம். அந்தச் சீட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1851இல் இங்கே பொன் வேட்டை தொடங்கியதும், பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று அரசு சொன்னது. சீட்டு இல்லாதவர்களைப் போலீசார் துரத்திப் பிடித்தார்கள். அதை எதிர்த்துப் பல்லாரட்டில் யுரேகா என்ற இடத்தில் தடுப்பு அமைத்து நின்றவர்கள்மீது 1854 டிசம்பர் 3ஆம் தேதி அதிகாலையில் படை பாய்ந்து, 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டு அந்த வரி ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் மைனர்ஸ் ரைட் வந்தது, வாக்குரிமையும் அதோடு வந்தது. நம் பர்ஸில் கிடக்கும் சீட்டு அந்த வழியில் வந்தது. வாங்காமல் போவது சட்டத்துக்கும் அந்த மனிதர்களுக்கும் செய்யும் மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கிறேன்.

சீட்டு இருந்தால் எங்கும் தோண்டலாம் என்றில்லை. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி கிடையாது. சில ஆறுகளும் ஓடைகளும் சட்டப்படியே விலக்கு. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். மாநில அரசின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோண்டுவது கைக்கருவியால் மட்டும்; படுகையை உறிஞ்சும் டிரெட்ஜுக்குத் தடை. பட்டை உரித்த தழும்புள்ள பழைய மரங்கள், கல்லாயுதச் சில்லுகள் போன்றவை பழங்குடி மக்களின் மரபுச் சின்னங்கள், சட்டப் பாதுகாப்பு உள்ளவை. கண்டால் தொடாமல் தள்ளிப் போய்விடுங்கள். தோண்டிய பள்ளத்தை மூடாமல் ஒருபோதும் வராதீர்கள். கரையைக் குடையவோ வேரை அறுக்கவோ கூடாது. நாலு பேர் அப்படிச் செய்தால் அடுத்த வெள்ளத்தில் அந்தக் கரையே போய்விடும்.

கேள்வி: தட்டில் மினுக்கியது பொன்னா, வேறு ஏதாவதா?
— ஒரு வாசகி, பெண்டிகோ

பதில்: உங்கள் நிழலைத் தட்டின் மேல் விழ வையுங்கள். வெயிலில் மட்டும் மினுக்கி, நிழலில் அணைந்துவிட்டால் அது மைக்கா, அதாவது அபிரகம். பொன் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும். தட்டை ஆட்டும்போது மைக்கா முதலில் ஓடும், பொன் கடைசி வரை அசையாது. பொன் போலவே தெரியும் பைரைட் என்ற கனிமமாக இருந்தால் ஊசி முனையால் அழுத்தியதும் நொறுங்கும். பொன்னில் குழிதான் விழும். ஆசிட் சோதனையெல்லாம் வீட்டில் வேண்டாம்.

கேள்வி: ஒரு பவுன் சேர்க்க எவ்வளவு காலம் ஆகும்? மகளுக்கு ஒரு மோதிரமாவது செய்ய ஆசை.
— ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம், அதில் பத்தில் ஒரு பங்கு கனம் உள்ள துகள் நல்ல துகள். கிடைத்தால் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அதன் எடை இரண்டு மில்லிகிராம்கூட வராது. 8 கிராம் ஒரு பவுன் என்றால் அப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட துகள்கள் வேண்டும். இரண்டு கிராம் மோதிரத்துக்கே ஆயிரம். பல தட்டுகளில் ஒரு துகள்கூட வராது. 1869இல் மோலியாகலில் வேரடியில், மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே 70 கிலோவுக்கும் மேல் கனமான 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி கிடைத்தது உண்மைதான். அதை நினைத்துக்கொண்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

பெட்ரோல் செலவைக்கூடப் பொன் கட்டாது. மகளை ஓடைக்குக் கூட்டிப் போய், அவள் கையாலேயே அரித்த துகள்களை ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழில் போட்டுச் சங்கிலியில் கோத்துக் கொடுங்கள். மோதிரத்தைக் கடையில் வாங்கலாம், அதைக் கடையில் வாங்க முடியாது.

கேள்வி: அண்ணா, நான் தேவாலாவில் இருக்கிறேன், கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் ஊர் மண்ணிலும் பொன் உண்டு. நானும் ஒரு தட்டு வாங்கி இங்கே ஓடையில் பழகலாமா?
— ஒரு மாணவர், தேவாலா, நீலகிரி

பதில்: தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தேவாலா வழியாகத்தான் கூடலூருக்கு பஸ் ஏறுவோம். உன் ஓடைகளை எனக்குத் தெரியும். ஆனாலும் பதில் 'வேண்டாம்' என்பதுதான்.

இந்தியாவில் பொன்னுக்கு விக்டோரியா போலப் பொழுதுபோக்குச் சீட்டு கிடையாது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பொன்னைத் தேடுவதும் எடுப்பதும் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உங்கள் பக்கத்து ஓடைகளில் பல காட்டுக்குள் ஓடுகிறவை, வனச்சட்டம் வேறு இருக்கிறது. ஒரு தட்டுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. படிக்கிற வயதில் வழக்கு வேண்டாம்.

பழைய ஆங்கிலேயர் காலத்துச் சுரங்கங்களுக்குள் நுழைந்து பொன் கல் எடுப்பவர்கள் உன் ஊரில் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். மண் சரிந்தும் மூச்சு முட்டியும் உயிர் போயிருக்கிறது. கூலி குறைந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள்தான் அந்த வேலைக்குப் போகிறவர்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பாதரசத்தோடு கலந்து அடுப்பில் சூடேற்றிப் பொன்னைப் பிரிப்பதைப் பார்த்தால் அங்கே நிற்காதே. அந்த ஆவி மூளையையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வீட்டில் இருக்கும் குழந்தைகளை இன்னும் அதிகமாக. மிச்சம் ஓடையில் கலந்து மீனுக்குள் போகும்.

சரி, நீ செய்யக்கூடியது என்ன? உன் ஊரின் கதையைத் தேடிப் படி. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகு முன்பே குறும்பர்களும் பணியர்களும் அங்கே மரத்தட்டில் பொன் அரித்திருக்கிறார்கள். பிறகு 1879இல் ஒருவரை வரவழைத்து உன் ஊரையும் சேர்த்த வயநாட்டுப் பகுதியின் பொன்னை ஆராயச் சொன்னார்கள். யாரை என்று நினைக்கிறாய்? நான் இப்போது இருக்கும் இதே விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித்தை. அவருடைய அறிக்கை 1880இல் வெளிவந்ததும் இங்கிலாந்தில் 40க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. தாளில் காட்டிய மூலதனம் 50 லட்சம் பவுண்டுக்கும் மேல். காப்பித் தோட்டங்கள் பொன் விலைக்குக் கைமாறின. இயந்திரங்களை மலைமேல் இழுத்து ஏற்றினார்கள். கல்லை அரைத்துப் பார்த்தால் டன்னுக்குக் கிடைத்த பொன் செலவைக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. அதே காலத்தில் தொடங்கிய கோலார் 2001 வரை ஓடியது. இரண்டுக்கும் பாறையில் என்ன வித்தியாசம் என்று தேடினால் உனக்கு நல்ல பாடம் கிடைக்கும். விருப்பம் இருந்தால் மேற்படிப்புக்குப் புவியியல் பக்கம் திரும்பலாம்.

உங்கள் பக்கத்துப் பாண்டியாறும் புன்னம்புழாவும் போய்ச் சேரும் சாலியாற்றின் மணலிலும், கீழே நிலம்பூர்ப் பக்கம், பொன் உண்டு. தட்டு இல்லாமலே நீ கற்கக்கூடியது நிறைய: எந்த வளைவில் கூழாங்கல் நிற்கிறது, மழைக்குப் பின் கருமணல் எங்கே கோடு போடுகிறது, குவார்ட்ஸ் நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது. சாலையோரம் வெட்டிய மண்சுவரில் இருந்தே தொடங்கு. பார்த்ததை ஒரு நோட்டில் படம் வரைந்து வை, எனக்கும் அனுப்பு.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது?
— ஒரு வாசகர், ஜீலாங்

பதில்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை. குளிர்கால மழை ஓடையைக் கிளறிவிட்டிருக்கும், தண்ணீரும் இருக்கும். கோடையில் பல ஓடைகள் காய்ந்துவிடும். வெயில் ஏறினால் பாம்புகள் தண்ணீரைத் தேடி வரும். டைகர் பாம்பு, பிரவுன் பாம்பு இரண்டுமே கொடியவை. கல்லைப் புரட்டும்போது கைக்கு முன்னால் மண்வாரி போகட்டும். பழைய சுரங்கக் கழிவு மேடுகளில் ஆர்செனிக் இருக்கும், அந்த மண்ணை அரிக்கவோ வீட்டுக்கு எடுத்துவரவோ வேண்டாம். தீத்தடை அறிவித்த நாளில் காட்டுப் பக்கமே போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டால் போனில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது.